கடைசி ஆள் நான்

போன மாதம் பழைய கொம்பனியிலிருந்து ஒரு போன் வந்தது. இனிமேல் வடக்குப் பூங்காக்களுக்குக் கூட்டிப் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டி கட்டப் போகிறார்களாம். யார் எங்கே நிற்கிறார் என்று வழிகாட்டியின் போனில் பச்சைப் புள்ளியாய்த் தெரியுமாம். புதிதாய்ச் சேர்ந்த மூன்று வழிகாட்டிகளுக்கு நான் வந்து அரை மணித்தியாலம் கதைக்க வேண்டும் என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தை அரை மணித்தியாலத்துக்குள் அடக்கு என்றால் யாருக்குத்தான் முடியும்? ஆனாலும் போனேன்.

மூவரில் ஒருத்தி ஆரணி. இங்கே கனடாவில் அஜக்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை, நல்ல துடியாட்டம். நான் ஆட்களை எண்ணுகிற விதத்தைச் சொல்லத் தொடங்கவே கையைத் தூக்கினாள்.

"அன்ரி, உந்த பாண்ட் இருந்தா கவுண்ட் பண்ணவே தேவையில்லைத்தானே? லைக், எல்லாரும் ஸ்கிரீனில தெரிவினம்."

"பிள்ளை, ஆள் எங்கை நிக்குது எண்டு உது காட்டும். எங்கை போக நினைக்குது எண்டு காட்டுமோ?" என்று கேட்டேன்.

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது, அடுத்ததாய் முதலுதவி வகுப்பாம். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஆரணி தமிழ் வாசிப்பாளோ தெரியாது. வாசிக்கத் தெரிந்த யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டட்டும்.

என் பெயர் றெஜினா. ஊர்காவற்றுறை. கனடாவுக்கு வந்து ஏழு வருடம் ஹொட்டலில் அறை துப்புரவாக்கினேன். பிறகு ஸ்காபரோவில் பஸ் வைத்துச் சுற்றுலா நடத்துகிற ஒரு சின்னக் கொம்பனியில் வழிகாட்டி வேலைக்குத் தமிழ் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கோயில் ஆட்கள், தேவாலய ஆட்கள், முதியோர் சங்கங்கள் என்று நம்மவர்களைக் கோடையில் வாவிகளுக்கும், ஒக்ரோபரில் மேப்பிள் நிறம் மாறுவதைப் பார்க்கவும் மூன்று நாலு மணித்தியாலம் வடக்கே கூட்டிப் போகிற வேலை. பயிற்சி என்று நாலு சனி ஞாயிறு. காயத்துக்குக் கட்டுப் போட, வரைபடம் பார்க்க, வோக்கி டோக்கியில் கதைக்க, கரடி வந்தால் ஓடாமல் நிற்க. கடைசிப் பாடத்தில் மட்டும் நான் சித்தியடைந்திருக்க மாட்டேன், நல்ல காலம் சோதனைக்குக் கரடி கொண்டுவரவில்லை.

நம்மவர்களை வடக்குக் காட்டுக்குக் கூட்டிப் போவது லேசான வேலை இல்லை. "காட்டைப் பாக்கவோ கனடாவுக்கு வந்தனாங்கள்? பாத்த காடு காணும் பிள்ளை" என்று பஸ் ஏறும்போதே சொல்கிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் நாலு பேராவது இருப்பார்கள். சண்டைக்காலத்தில் ஓடி ஒளிந்து கிடந்த காட்டைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் வாதாட மாட்டேன். அவர்களேதான் முதல் மலைமுனையில் நின்று, கீழே வாவியைச் சுற்றி மரமெல்லாம் சிவந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிசம் நிற்போம் என்று கெஞ்சுவார்கள். சாப்பாடு இன்னொரு கதை. கரடி உலாவுகிற இடத்தில் மணக்கிற சாப்பாடு வெளியே வைக்கக் கூடாது என்று தலைகீழாய் நின்று சொல்வேன். றிச்மண்ட் ஹில்லில் இருந்து வந்த ஒரு அம்மா கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு கொண்டு வந்து பூங்கா மேசையில் திறந்து வைத்தா. பூங்கா அதிகாரி ஓடி வந்து இது என்ன என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அம்மா அவருக்கு ஒரு தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டா. மனிதர் முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் மூடச் சொன்னார்.

எனக்கு மேலாளர் வோல்ரர். அவர் சாரதியும்தான். பஸ் வீதியில் இருக்கும்வரை அவர் சொல்தான் சொல் என்பது கொம்பனிச் சட்டம். வடக்கே மரம் அரிகிற ஊர் ஒன்றில் பிறந்தவர். அறுபதை நெருங்கிய வயது, பெரிய உடம்பு, சின்னக் குரல். பதினொரு வருடம் அவரோடு வேலை செய்தேன். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை, ஒருநாளும் "நல்லது செய்தாய்" என்று சொன்னதும் இல்லை. திருப்தி என்றால் தொப்பியைத் திரும்பத் தலையில் வைப்பார், அவ்வளவுதான். எண்ணிக்கை முடியும் மட்டும் தொப்பி கையில்தான் இருக்கும்.

அந்த எண்ணிக்கையைச் சொல்லத்தான் வேண்டும். பஸ் ஒரு இடத்தை விட்டுக் கிளம்பு முன் அவர் பின் இருக்கையில் தொடங்கி முன்னுக்கு வருவார், நான் முன்னால் தொடங்கிப் பின்னுக்குப் போவேன். ஒவ்வொரு இருக்கையின் தலைப்பகுதியையும் கையால் தொட வேண்டும். கண்ணால் எண்ணக் கூடாது. நடுவில் ஒருவரை ஒருவர் கடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. எண்ணி முடிந்ததும் இரண்டு பேரும் தனித்தனியாய்ச் சின்னக் கடதாசியில் எழுதி ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். ஒருவர் முந்திச் சொல்லிவிட்டால் மற்றவரின் மூளை அதற்கு ஒத்துப் போய்விடுமாம். "நாற்பத்தி மூன்றுதானே?" என்று நான் ஒருநாள் அவசரத்தில் கேட்டதும், திரும்பவும் கடைசி இருக்கைக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினார். நானும் தொடங்கினேன்.

நடைபாதைக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். வழிகாட்டி முன்னால் போகக் கூடாது. பாதை மரங்களில் நிறம் பூசியிருக்கிறது, முன்னால் போகிறவர்களுக்கு அது வழி காட்டும். நீ கடைசி ஆள். உனக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தால் நீ உன் வேலையைச் செய்யவில்லை என்பார். எட்டு வருடம் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் நான் மீறவில்லை. ஒன்பதாம் வருடம் ஒரு தரம், ஒரு பத்து நிமிசம் மீறினேன்.

அது ஒக்ரோபர் நடுப்பகுதி. முதியோர் சங்கம் ஒன்று, நாற்பத்தி மூன்று பேர். அதில் நடராசா அங்கிளும் செல்வராணி அன்ரியும் என்று ஒரு சோடி. யூனியன்வில்லில் மகனோடு இருந்தவர்கள். அங்கிளுக்கு எழுபத்தி இரண்டு வயதிருக்கும். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். வலது காது கேளாது, சீனி வருத்தம், ஆனால் நடையில் இளந்தாரி. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. கழிவறைக்குப் போவதென்றாலும் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவார். அன்ரிக்கு முழங்கால் வருத்தம். மலை ஏற மாட்டேன் என்று பஸ்ஸில் வோல்ரரோடு இருந்துவிட்டா. அங்கிளுடைய போனும் குளிசையும் அன்ரியின் கைப்பைக்குள்.

பாதை தொடங்கி ஒரு கிலோமீற்றரில் ஒரு பிரிவு வரும். நீல அடையாளம் வலப்பக்கம் மலைமுனைக்கு ஏறும். மஞ்சள் அடையாளம் இடப்பக்கம் சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குத் திரும்பிப் போகும். நாங்கள் நீலத்தில் போக வேண்டும். பிரிவைத் தாண்டி உடனேயே தண்ணீருக்கு மேல் ஒரு பலகைப் பாலம். முன்னால் போன ஒரு அம்மா பாலத்தின் நடுவில் பயந்து நின்றுவிட்டா. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. "மாதாவே" என்று ஒரே சத்தம். நான் கடைசியிலிருந்து எல்லோரையும் விலத்திக்கொண்டு முன்னுக்கு ஓடி, அவவின் இரண்டு கையையும் பிடித்துப் பின்புறமாய் நடந்து நடந்து கூட்டிப் போனேன். அப்போது பின்னாலிருந்து நடராசா அங்கிளின் குரல் கேட்டது.

"அப்ப வாறன் பிள்ளை."

நான் தலை நிமிரவில்லை. "ஓம் அங்கிள், வாங்கோ" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது.

மலைமுனையில் நின்று படம் எடுத்து, இறங்கி, பஸ்ஸுக்கு வந்து, வோல்ரர் பின்னாலிருந்தும் நான் முன்னாலிருந்தும் எண்ணி, கடதாசியைத் திருப்பினோம். அவருடையது நாற்பத்தி இரண்டு. என்னுடையதும் நாற்பத்தி இரண்டு. இரண்டும் ஒத்திருந்தது, இரண்டிலும் ஒரு ஆள் குறைவு. அன்ரி முன் இருக்கையில் இருந்துகொண்டு, "இவர் எங்கை?" என்று கேட்டா. மூன்றரை மணி. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அங்கிள் உடுத்தியிருந்தது ஒரு மெல்லிய சுவெற்றர்.

போனில் சிக்னல் இல்லை. வோல்ரர் பூங்காக் காவலறைக்கு நடந்து போய் ஆளைக் கூட்டி வந்தார். சிவப்புத் தலைமுடியோடு ஒரு இளம் பெண்தான் பொறுப்பதிகாரி. கெட்டிக்காரி. முதலாவது கேள்வியே, "கடைசியாய் யார் பார்த்தது, என்ன சொன்னார்?" என்பதுதான்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: ஐயாம் கமிங் என்று சொன்னார், பிரிவைத் தாண்டி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"மஞ்சள் பாதையில் திரும்பியிருக்கலாமா?"

"இல்லை. வருகிறேன் என்று என்னிடம் சொன்னவர்."

கொஞ்ச நேரத்தில் அவளுடைய ஆட்கள் மூன்று பேர் வந்து அதையே கேட்டார்கள். அதையே சொன்னேன். பிறகு வோல்ரர் தனியாய்க் கூப்பிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "பிரிவிலிருந்து தொடங்கு. யார் என்ன சொன்னார்கள்?" என்றார். அவருக்கும் அதையே சொன்னேன். மூன்று தரம். வேதாகமத்துச் சேவல் கூவாததுதான் குறை.

நான் அவ்வளவு உறுதியாய்ச் சொன்னபடியால் அதிகாரி எல்லோரையும் நீலப் பாதைக்கே அனுப்பினாள். மலைமுனைக்குக் கீழே செங்குத்தான சரிவு, அதற்குக் கீழே வாவி. ஒரு வள்ளத்தைக் கரையோரம் விட்டுத் தேடச் சொன்னாள். வள்ளம் எதற்கு என்று எனக்கு விளங்கியது. அன்ரிக்கும் விளங்கியிருக்கும்.  அங்கிளுக்காகக் கொண்டுவந்த புட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தா. மற்றவர்கள் தேவாரம் சொன்னார்கள், செபமாலை சொன்னார்கள், இரண்டும் ஒரே பஸ்ஸுக்குள். என் மனம் ஒன்றிலும் சேரவில்லை. அந்தப் பத்து நிமிசத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து மணி ஆகப் பத்து நிமிசம் இருக்கும். மழை தூறத் தொடங்கிவிட்டது. அன்ரி என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டா.

"பிள்ளை, இவர் உம்மட்டை என்ன சொன்னவர்?"

"பின்னாலை வாறன் எண்டு சொன்னவர் அன்ரி."

"அவர் பின்னாலை எண்டு சொன்னவரோ?"

"இல்லை. வாறன் எண்டு..."

"சொன்ன மாதிரியே சொல்லும்."

வாயைத் திறந்தேன். அன்றைக்கு முதல் தடவையாய் அவர் சொன்ன சொல்லை அப்படியே தமிழில் சொல்லப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "'அப்ப வாறன் பிள்ளை' எண்டவர்."

முழங்கால் ஏலாத மனுசி இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டா.

"'அப்ப வாறன்' எண்டவரோ? ஐயோ பிள்ளை, அது வாறதில்லை, அது போறது! நான் தனிய இருக்கிறன் எண்டு என்னட்டையெல்லோ வந்திருக்கிறார் மனுசன்! அதுக்கு நீர் என்ன சொன்னனீர்?"

"'ஓம் அங்கிள், வாங்கோ' எண்டனான்."

அன்ரி என்னைத் திட்டவில்லை. கண்ணை மூடித் திறந்தா. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நம்மில் யார்தான் "போறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்? பிறந்த நாளிலிருந்து போகும்போதெல்லாம் "வாறன்" என்று சொல்லித்தான் பழக்கம். அவர் விடைபெற்றார். நான் "வாங்கோ" என்று விடைகொடுத்தேன். அதாவது, போட்டு வாங்கோ, போய்விட்டு வாருங்கள். இரண்டு பேரும் சரியான தமிழில், முழு மரியாதையோடு, ஒருவரை ஒருவர் பிழையாய் விளங்கிக்கொண்டோம். அந்த "அப்ப"வைக் கவனித்திருந்தால் போதும். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அது ஒன்றுக்கும் உதவாத சொல் என்று நானே தூக்கி எறிந்துவிட்டேன். மூன்று தரம் எறிந்தேன்.

காவலறைக்கு ஓடினேன். நான் சொன்னது பிழை, அவர் மஞ்சளில்தான் போயிருக்கிறார் என்றேன். அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எங்கள் மொழியில் போகிறவர்கள் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினேன். ஒன்றரை மணித்தியாலமாய் உறுதியாய் நின்ற பெண் இப்போது தலைகீழாய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் நம்பும்வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று நின்றேன். பக்கத்தில் நின்ற வோல்ரர் அவளிடம், "இவளுடைய மொழி. இவளுக்குத் தெரியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மஞ்சளில் நீயும் போ. கடைசி ஆளாய்ப் போ" என்றார்.

நானும் அதிகாரியும் இன்னொருவரும் பஸ் பக்கமிருந்து மஞ்சள் பாதையில் ஏறினோம். கோடையில் அந்த மஞ்சள் அடையாளம் தூரத்திலேயே தெரியும். ஒக்ரோபரில் பேர்ச் மரத்து இலையெல்லாம் அதே மஞ்சள். மரத்தில் மஞ்சள், நிலத்தில் மஞ்சள், காற்றில் மஞ்சள். நல்ல கண் உள்ளவருக்கே அடையாளம் எது, இலை எது என்று தெரியாது. பாதி தூரத்தில் பீவர் என்கிற விலங்குகள் அணை கட்டித் தண்ணீர் ஏறிய இடம். அந்த இடத்தில் பாதையை வலப்பக்கம் மாற்றியிருந்தார்கள், பழைய தடம் நேரே சதுப்புக்குள் போனது. அதிகாரி விசில் ஊதினாள். "மிஸ்ரர் நற்றராஜா!" என்று கூப்பிட்டாள். மழைச் சத்தம்தான் கேட்டது.

நான் இரண்டு கையையும் வாயில் குவித்து, என் தொண்டையில் இருந்த அவ்வளவையும் சேர்த்து, "நடராசா அங்கிளோ!" என்று கத்தினேன். மறுமொழி இல்லை. திரும்பவும் கத்தினேன்.

இடப்பக்கத்துப் பற்றைக்குள்ளிருந்து, மெல்லியதாய், ஆனால் மறுமொழி சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை என்கிற குரலில் வந்தது.

"ஓம்... வாறன்!"

அதிகாரி என் தோளைப் பிடித்து, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். வருகிறேன் என்கிறார், ஆனால் அவரால் வர ஏலாது, நாங்கள்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

விழுந்த மரம் ஒன்றில் சாய்ந்து இருந்தார். ஒரு சப்பாத்தைச் சேறு வாங்கிவிட்டது. கணுக்கால் வீங்கி, உதடு வெளிறி, நடுங்கிக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் அவர் சொன்ன முதல் பேச்சு இதுதான்:

"சொல்லிப்போட்டுத்தானே பிள்ளை வந்தனான். நீரும் வாங்கோ எண்டனீர்."

குற்றம் சாட்டவில்லை. கள்ளமாய் நழுவிப் போனவன் என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. நான் சேற்றுக்குள் நின்றபடி விக்கி விக்கி அழுதேன். வாயில் ஒரு குளுக்கோஸ் வில்லையை வைத்து, சூடு காக்கிற வெள்ளித்தாள் போர்வையால் சுற்றி, மூன்று பேருமாய்த் தூக்கி வந்தோம். ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, பஸ்ஸடிக்கு வந்துவிட்டோம். அன்ரி படியில் நின்று, "உங்களை ஆர் என்னட்டை வரச் சொன்னது?" என்று ஏசினா. ஏசிக்கொண்டே தன் சால்வையைக் கழற்றி அவர் தலையைத் துடைத்தா. அம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் புட்டுப் பெட்டியைக் கீழே வைத்தா. வோல்ரர் எல்லோரையும் திரும்ப எண்ணி, அம்புலன்ஸில் போன இரண்டு பேரையும் கடதாசியில் தனியாய் எழுதிச் சேர்த்து, அதற்குப் பிறகுதான் தொப்பியை வைத்தார்.

அடுத்த நாள் அறிக்கை எழுத வேண்டும். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். கடைசி ஆளாய் நிற்கவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். "அவர் சொன்னது" என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் ஆங்கிலத்தில் எழுதப் போனபோது வோல்ரர் விரலை வைத்தார். "அவருடைய சொல். உன்னுடையது இல்லை." அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்தில் "அப்ப வாறன் பிள்ளை" என்று எழுதினேன். கந்தோரில் இது என்ன இரகசியக் குறியீடு என்று கேட்டார்களாம். அப்படியே இருக்கட்டும் என்று வோல்ரர் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு வாரம் வேலையில்லை, பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தவள் சும்மா இருக்கவில்லை. என் பயணங்களில் காட்டுக்குள் யாரும் "வாறன்" என்று சொல்லக் கூடாது, "போறன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டு வந்தேன். பஸ் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்று, ஒப்புக்கொள்ளும்வரை ஒருவரையும் இறங்க விடவில்லை. பஸ்ஸே கொதித்தது. "நல்ல நாளும் அதுவுமா வாயிலை வரக்கூடாத சொல்லைச் சொல்லச் சொல்லுறாள்!" "உவளுக்கென்ன விசரோ?" "நான் செத்தாலும் போறன் எண்டு சொல்லமாட்டன்!" செத்தால் எப்படிச் சொல்வீர்கள் அன்ரி என்று கேட்டேன், அதற்கும் ஏச்சு. மூன்று பயணம் இந்தச் சண்டை. நான் விடவில்லை, அவர்களும் விடவில்லை.

தீர்த்து வைத்தவர் நடராசா அங்கிள்தான். அடுத்த ஒக்ரோபரில் புதுச் சப்பாத்தோடு வந்து ஏறினார், அதே பூங்காவுக்கு. என் சட்டத்தைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். தபால் கந்தோர் மூளை அல்லவா?

"பிள்ளை, முகவரி இல்லாத காயிதம் எங்கை போய்ச் சேரும்? சொல்லை மாத்தாதையும். இடத்தைச் சேர்த்துச் சொல்லச் சொல்லும். 'பஸ்ஸுக்குப் போட்டு வாறன்.' நீரும் வெறும் ஓம் போடாமல் அதைத் திருப்பிச் சொல்லும். 'பஸ்ஸுக்குப் போட்டு வாங்கோ.'"

அன்றையிலிருந்து அதுதான் சட்டம். வாறன் என்று மட்டும் சொன்னால் "எங்கை?" என்று கேட்பேன். சொன்ன இடத்தைத் திருப்பிச் சொல்வேன். சொல்லும்போது கட்டாயம் திரும்பி முகத்தைப் பார்ப்பேன். பிறகு தனியாய் விடாமல் ஒருவரைக் கூட அனுப்புவேன். பாலத்தில் யார் மாதாவைக் கூப்பிட்டாலும், முன்னால் நிற்கிறவர்களைக் கொண்டு கை கொடுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியிலேயே நிற்பேன். வோல்ரர்கூட எரிபொருள் அடிக்க இறங்கும்போது தன் உடைந்த தமிழில் "பெற்றோல் வாரான்" என்பார். வேலையை விட்டு ஓய்வுபெற்ற நாளில் என்னிடம் "வீடு வாரான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டு போனார். பதின்மூன்று வருடத்தில் காட்டுக்குள் ஒருவரையும் நான் தவறவிடவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், பொய் இல்லை.

என் கடைசிப் பயணமும் அந்தப் பூங்காவுக்குத்தான். செல்வராணி அன்ரி தனியாய் வந்தா. முழங்கால் இரண்டும் மாற்றியாகிவிட்டது, கைத்தடியோடு நன்றாய் நடந்தா. அங்கிள் அந்த வருட மாசியில் காலமாகிவிட்டார். செத்த வீட்டுக்கு நான் போயிருந்தேன், ஆனால் சனத்துக்குள் அன்ரியோடு இரண்டு சொல் கதைக்க முடியவில்லை.

பிரிவுக்கு வந்ததும் மற்றவர்கள் நீலத்தில் ஏறினார்கள். என்னோடு வந்த மற்ற வழிகாட்டியை அவர்களுக்குக் கடைசி ஆளாய்ப் போகச் சொன்னேன். அன்ரி அடையாளம் பூசிய மரத்தடியில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றா. மஞ்சள் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

"ஆசுப்பத்திரியிலை எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வா எண்டவர். நான் எழும்ப, 'அப்ப வாறன்' எண்டவர். நான் கன்ரீனுக்குப் போறன் எண்டபடியாலை சொல்லுறார் எண்டு நினைச்சு, ஓம் எண்டிட்டுப் போட்டன். எனக்கெல்லோ தெரிஞ்சிருக்க வேணும் பிள்ளை. உமக்கு அண்டைக்கு நான்தானே சொல்லித் தந்தனான். எங்கை எண்டு கேக்காமல் விட்டிட்டன்."

 அவவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் அழுதோம். பிறகு அன்ரி மூக்கைத் துடைத்து, கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றி, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னா.

"நான் மஞ்சள் பாதையாலை பஸ்ஸுக்குப் போட்டு வாறன்."

"மஞ்சள் பாதையாலை பஸ்ஸுக்குப் போட்டு வாங்கோ அன்ரி" என்றேன்.

அவ நடக்கத் தொடங்கினா. பத்தடி விட்டு நான் பின்னால் நடந்தேன்.